இணையத்தின் குசினிப் பக்கம்



ஹட்டனிலிருந்து ஒரு தாய் கடிதம் எழுதியிருக்கிறார். கணவர் சில்லறைக் கடை வைத்திருக்கிறார். மூத்த மகள் உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தை ஒரு பாடமாக எடுத்துச் சித்தியடைந்துவிட்டாள். ஆனால் பல்கலைக்கழகம் செல்வதற்குப் புள்ளி போதவில்லை. இப்போது, "நான் சேவையகப் பக்கத்துச் செய்நிரல் படிக்கப் போகிறேன், அதில் வேலை இருக்கிறது" என்கிறாளாம். கண்டியிலுள்ள ஒரு தனியார் நிறுவனம் பெருந்தொகை கேட்கிறது. வாப்பா யோசிக்கிறார். மாமியோ, "கொம்பியூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து அப்படி என்னதான் வேலை?" என்று கேட்கிறார். இது என்ன தொழில், நம் பிள்ளைக்குச் சரிவருமா, இவ்வளவு பணம் கட்டித்தான் ஆக வேண்டுமா என்பதே அந்தத் தாயின் கேள்வி.

நியாயமான கேள்வி. இதே கேள்வி தலவாக்கலையிலும் நுவரெலியாவிலும் பொகவந்தலாவையிலும் பல வீடுகளில் இருக்குமென்பதால் இம்மாதப் பக்கத்தை இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

முதலில், அது என்ன வேலை என்பதைப் பார்ப்போம். நம் கலியாண வீடொன்றை நினைத்துக்கொள்ளுங்கள். முன்மண்டபத்தில் விரிப்பு, பூ, விளக்கு எல்லாம் இருக்கின்றன. வந்தவர்கள் சஹனைச் சுற்றி அமர்கிறார்கள். அவர்கள் கண்ணில் படுவது அவ்வளவுதான். ஆனால் எத்தனை சஹன் போயிற்று, எந்தச் சஹனில் இறைச்சி குறைகிறது, அரிசி போதுமா என்ற கணக்கெல்லாம் பின்னால் குசினியில் நடக்கிறது. இணையத்திலும் அப்படியே. கைபேசியில் நாம் பார்க்கும் நிறமும் பொத்தானும் முன்மண்டபம். நாம் கேட்டதை வாங்கி, சரிபார்த்து, கணக்கேட்டைப் புரட்டி, பதிலை எடுத்துத் தருவது இன்னோரிடத்தில் இருக்கும் சேவையகக் கணினி. அந்தக் கணினி என்ன செய்ய வேண்டுமென்று எழுதி வைப்பதே சேவையகப் பக்கத்துச் செய்நிரலாக்கம். (பெண்களைத் திரும்பவும் குசினிக்கே அனுப்புகிறேன் என்று யாரும் கோபிக்க வேண்டாம். இந்தக் குசினியில் ஆண்களே அதிகம். நாம் உள்ளே போவதற்குத்தான் இடம் கேட்க வேண்டியிருக்கிறது.)

இன்னும் கிட்டிய உதாரணம் வேண்டுமா? உயர்தரப் பெறுபேறு வெளிவரும் நாள். பிள்ளை பரீட்சைத் திணைக்களத்தின் தளத்தில் சுட்டெண்ணை அழுத்திவிட்டு நடுங்கிக்கொண்டிருக்கிறாள். அவள் அழுத்திய எண் சேவையகத்துக்குப் போகிறது. அங்குள்ள செய்நிரல், "இது சரியான சுட்டெண்தானா?" என்று முதலில் பார்க்கிறது. பிறகு தரவுத்தளம் எனப்படும் பெரிய பேரேட்டில் அந்த எண்ணுக்குரிய வரியைத் தேடுகிறது. கிடைத்ததும் பெயரையும் பாடங்களையும் சித்திகளையும் ஒரு பக்கமாக அடுக்கி அனுப்புகிறது. ஒரே நேரத்தில் லட்சக்கணக்கானோர் கேட்டால் குசினி திணறுகிறது. நம் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டேயிருக்கிறது. உம்மா யாஸீன் ஓதுகிறார், பிள்ளை அழுகிறாள். அந்த வட்டம் சுற்றாமல் பார்த்துக்கொள்வதும் இந்தத் தொழிலைச் செய்பவர்களின் பொறுப்பே.

இப்படிச் சொன்னால் ஏதோ வசதிக்கான வேலை என்று தோன்றும். அதற்கு மேலும் இருக்கிறது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் பொங்கியதை நம் வீடுகளில் யாரும் மறக்கவில்லை. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காத்தான்குடி என நம் சொந்தங்கள் வாழ்ந்த கரையெல்லாம் அழிந்தது. இலங்கையில் மாத்திரம் 30,000 பேருக்கு மேல் போனார்கள். உயிர் தப்பியவர்கள் பள்ளிவாசல்களிலும் பாடசாலைகளிலும் கோயில்களிலும் இருந்தார்கள். ஒவ்வோர் இடத்திலும் ஒரு கொப்பியில் பெயர்கள். ஒரு முகாமில் தாய், இன்னொரு முகாமில் பிள்ளை. இரண்டு கொப்பியும் ஒன்றையொன்று அறியாது.

அந்த நாட்களில் கொழும்பிலிருந்த கணினித் துறையினர் சிலர் தொண்டர்களாகச் சேர்ந்து, சில வாரங்களில் ஓர் இணையச் செயலியை எழுதினார்கள். அதன் பெயர் 'சஹனா'. சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். நம் சஹனுக்கும் இதற்கும் தொடர்பில்லை. காணாமற்போனோர் பதிவு, முகாம்களின் பதிவு, உதவி நிறுவனங்களின் பதிவு, எங்கே என்ன தேவை என்ற பதிவு ஆகியவை அதில் இருந்தன. பி.எச்.பி. என்னும் மொழியில், மை எஸ்.கியூ.எல். என்னும் தரவுத்தளத்தை வைத்து எழுதப்பட்டது. இரண்டும் இலவசமாகக் கிடைப்பவை. எழுதிய செய்நிரலையும் உலகத்துக்கு இலவசமாகவே கொடுத்துவிட்டார்கள். 2005இல் பாகிஸ்தானில் பூமி அதிர்ந்தபோதும், 2006இல் பிலிப்பைன்ஸில் மண் சரிந்தபோதும், பின்னர் 2010இல் ஹெய்ட்டியிலும் அது பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தனது சமூகநல விருதை 2005இல் விக்கிப்பீடியாவுக்குக் கொடுத்தது. அடுத்த ஆண்டு, 2006க்குரியதை, சஹனாவுக்குக் கொடுத்தது. நம் நாட்டில் எழுதிய கணக்குப் புத்தகம்!

மலையகத்துக்கு இதில் என்ன பாடம்? 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்கள் மூடுண்டன. முதல் நாட்களில் காணாமற்போனோர் நூற்றுக்கணக்கில் என்றார்கள். பின்னர் அந்தத் தொகை மிகவும் குறைந்தது. எந்த லயத்தில் யார் இருந்தார், பாடசாலைக்குப் போன பிள்ளை யார், கொழும்பில் வேலைக்குப் போயிருந்தவர் யார் என்று உடனே சொல்லக்கூடிய பட்டியல் கையில் இல்லாவிட்டால் இப்படித்தான் ஆகும். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலோடு வந்த மழையில் நுவரெலியாவும் பதுளையும் கண்டியும் பட்ட பாட்டையும் நாம் பார்த்தோம். ஆகவே, "கொம்பியூட்டருக்கு முன்னால் அப்படி என்ன வேலை?" என்று கேட்கும் மாமிக்குச் சொல்லுங்கள்: ஆட்களின் பெயரையும் பணத்தையும் இருப்பிடத்தையும் பிழையில்லாமல் எழுதி வைக்கும் வேலை. பழைய காலத்துக் கணக்கப்பிள்ளை வேலைதான். பேனாவுக்குப் பதில் செய்நிரல்.

இனி, எப்படித் தொடங்குவது?

இந்தத் தாயின் மகளுக்கு ஒரு நற்செய்தி: அவள் பாதி வழி வந்துவிட்டாள், அவளுக்கே தெரியாது. உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்திட்டத்தில் பைதன் மொழி இருக்கிறது. தரவுத்தளமும் இருக்கிறது. வலைத்தளப் பகுதியில் பி.எச்.பி.யைத் தரவுத்தளத்தோடு இணைப்பதும் வருகிறது. தேசிய கல்வி நிறுவகம் இப்பாடத்துக்கான நூல்களைத் தமிழிலும் தந்திருக்கிறது. பரீட்சைக்காக மனனம் செய்து கடந்துபோன அந்த அத்தியாயங்களை, இந்தத் தடவை கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியையும் இயக்கிப் பார்த்துப் படிக்கட்டும். பரீட்சைக்குப் படித்ததும் கைக்கு வருவதும் வேறு வேறு. சமையல் குறிப்பை மனனம் செய்தவளெல்லாம் வட்டிலப்பம் அவித்துவிட முடியுமா?

அடுத்ததாக, மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் திறந்த கற்றல் தளம். பயிலுநர் மென்பொருள் உருவாக்குநருக்கென அங்கே ஆறு பாடநெறிகள் வரிசையாக இருக்கின்றன. தொடக்கநிலை வலை வடிவமைப்பு, தொடக்கநிலைப் பைதன், பைதன் செய்நிரலாக்கம், முன்பக்க வலை உருவாக்கம், சேவையகப் பக்க வலைச் செய்நிரலாக்கம், தொழில்சார் நடைமுறை என்பன அவை. கட்டணமில்லை. வீட்டிலிருந்தே படிக்கலாம். கண்டி நிறுவனத்துக்குக் கொடுக்கவிருக்கும் பணம் ஆறு மாதம் பெட்டிக்குள் இருக்கட்டும். முதலில் இதை முடிக்கட்டும் என்பதே என் அபிப்பிராயம். இதை முடிக்கும் பொறுமை இல்லாத பிள்ளைக்குக் கண்டியில் பணம் கட்டியும் பயனில்லை. முடித்துவிட்ட பிள்ளைக்குத் தனக்கு மேற்கொண்டு என்ன தேவையென்று தானே தெரியும்.

பட்டம் வேண்டுமென்று ஆசைப்படுவோருக்குக் கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் வெளிவாரித் தகவல் தொழினுட்பப் பட்டம் 2000ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. வீட்டிலிருந்து படித்துப் பரீட்சைக்கு மட்டும் போகலாம். முதல் வருடத்தோடு நிறுத்தினால் டிப்ளோமா, இரண்டாம் வருடத்தோடு நிறுத்தினால் உயர் டிப்ளோமா, மூன்று வருடமும் முடித்தால் பட்டம். கலியாணம், பிள்ளைப்பேறு என்று இடையில் நின்றுபோகக்கூடிய நம் பெண்களுக்கு இந்தப் படிமுறை மிகவும் பொருத்தமானது. பதிவுத் தகைமையையும் கட்டணத்தையும் அந்தந்த வருட அறிவித்தலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எந்த மொழியில் தொடங்குவது என்ற சண்டை இளைஞர்களிடையே ஓயாமல் நடக்கும். பி.எச்.பி., பைதன், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் என்று ஆளுக்கொரு கட்சி. நமக்கு அது வேண்டாம். பாடசாலையில் பைதன் தொட்டிருக்கிறாள், மொறட்டுவைப் பாடமும் பைதன், அதிலேயே தொடங்கட்டும். ஒன்றை ஆழமாகக் கற்றவளுக்கு மற்றது சில மாத வேலை. நாலையும் தொட்டவளுக்கு நாலும் இல்லை. ஆனால் எந்த மொழியென்றாலும் தரவுத்தளத்தைக் கேள்வி கேட்கும் எஸ்.கியூ.எல். அவசியம். அதைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். எனக்கென்றால் அதுதான் இந்தக் குசினியின் அடுப்பு.

கற்றதை எதில் பழகுவது? இங்கேதான் நம் பிள்ளைகள் தவறுகிறார்கள். இணையத்தில் எல்லோரும் செய்யும் அதே பயிற்சியைச் செய்து அதையே காட்டுகிறார்கள். தேர்வு செய்பவர் அதை நூறு தடவை பார்த்திருப்பார். நம்மைச் சுற்றியே வேண்டியமட்டும் கணக்கு இருக்கிறது.

உதாரணத்துக்குத் தேசிய அடையாள அட்டையை எடுங்கள். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும். முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம். அடுத்த மூன்று, வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணாக இருந்தால் அதோடு 500 கூட்டியிருக்கும். அந்த மூன்று இலக்கமும் 564 என்றிருந்தால் அவர் பெண். பிறந்தது வருடத்தின் 64ஆவது நாள். அதிலும் ஒரு நுட்பம்: அந்தக் கணக்கில் பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள். ஆகவே ஜனவரிக்கு 31, பெப்ரவரிக்கு 29, மிகுதி நாலு, மார்ச் 4. இது தெரியாமல் எழுதினால் சாதாரண வருடத்தில் மார்ச்சுக்குப் பின் பிறந்த எல்லோருக்கும் ஒரு நாள் பிழைக்கும். 2016இலிருந்து புதிய அட்டையில் 12 இலக்கம். பழைய எண்ணின் முன்னால் 19 சேர்த்து, நாளைக் குறிக்கும் மூன்று இலக்கத்துக்குப் பின் ஒரு பூச்சியம் இட்டு, எழுத்தை எடுத்துவிட்டால் அது புதிய வடிவமாகிவிடும். ஒரே ஆள் ஓரிடத்தில் பழைய எண்ணையும் இன்னோரிடத்தில் புதிய எண்ணையும் கொடுப்பார். இரண்டும் ஒருவரே என்று கண்டுபிடிக்கும் ஒரு சிறு செய்நிரலை உங்கள் மகள் எழுதட்டும். ஒரு கிழமை போதும்.

பெயரைத் தேடுவது அதைவிடக் கஷ்டம். நம் வீட்டுப் பெண்பிள்ளைகளில் எத்தனை பேர் பாத்திமா! ஒருவர் பாத்திமா என்று எழுதுவார், ஒருவர் பாதிமா, இன்னொருவர் ஃபாத்திமா. ஆங்கில எழுத்தில் அதற்கு மேலும் நாலைந்து விதம். தோட்டத்திலும் அப்படியே: லட்சுமி, லெட்சுமி, இலட்சுமி. பிறப்புச் சான்றிதழில் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று, சேமலாப நிதிப் பதிவில் வேறொன்று. ஓர் எழுத்து வித்தியாசத்தால் ஓய்வுகாலப் பணத்துக்கு அலைந்த தோட்டத்துத் தாய்மாரை நம் கடை வாசல்களிலேயே கண்டிருப்பீர்கள். தமிழ்ப் பெயர் இப்படிப் பல விதமாக எழுதப்படும் என்பதை லண்டனிலிருப்பவர் அறியமாட்டார். ஹட்டனிலுள்ள பிள்ளைக்கு அது பிறவி அறிவு.

பெரிய பயிற்சியாகச் செக்ரோலைச் சொல்வேன். கொழுந்து நிறுத்து, யாருக்கு முழுப்பேர், யாருக்கு அரைப்பேர், மேலதிகக் கிலோ எவ்வளவு என்று எழுதும் அந்தப் பேரேடு. ஆளுக்கு ஒரு பட்டியல், நாளுக்கு ஒரு பதிவு, மாத முடிவில் சம்பளம். அதிலிருந்து ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடம் 8 வீதம் கழிக்க வேண்டும். தொழில் கொடுப்பவர் 12 வீதம் போட வேண்டும். நம்பிக்கை நிதியத்துக்கு அவர் இன்னும் 3 வீதம் போட வேண்டும். இது தொழிலாளியிடம் கழிக்கக் கூடாத பணம். கேட்பதற்கு எளிது. ஆனால் நாட்சம்பளத்தை எங்கே எழுதுவது?

புதிதாகப் படிப்பவர் செய்நிரலுக்குள்ளேயே 700 என்று எழுதிவிடுவார். 2019 ஜனவரிக் கூட்டு ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 700 ரூபாய்தான். 2021 மார்ச்சில் சம்பளச் சபை அதை 900 ஆக்கி, 100 ரூபாய் கொடுப்பனவும் சேர்த்து, 1,000 ஆக்கியது. 2024 செப்டம்பரில் அடிப்படை 1,350 ஆயிற்று. செய்நிரலுக்குள் 700ஐ அழித்து 900 என்று எழுதினால், 2020ஆம் ஆண்டின் பழைய சம்பளத் துண்டை மறுபடி எடுக்கும்போது அதுவும் 900ஆல் பெருகி வரும். நிலுவைக் கணக்கு முழுவதும் பிழைத்துவிடும். ஆகவே சம்பள வீதத்தைத் தனியொரு பட்டியலில், எந்தத் திகதியிலிருந்து எவ்வளவு என்று எழுத வேண்டும். செய்நிரல் வேலை செய்த நாளைப் பார்த்து, அந்த நாளுக்குரிய வீதத்தை எடுக்க வேண்டும். 2021இல் புதிதாகக் கொடுப்பனவு என்று ஒரு நிரல் முளைத்ததே, அதற்கும் இடம் வைத்திருக்க வேண்டும். நேர்முகத் தேர்வில் உங்கள் மகள் இந்த ஒரு விடயத்தை ஏன் அப்படிச் செய்தாள் என்று விளக்கிச் சொன்னால், கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார். இது புத்தகத்திலுள்ளதல்ல, தோட்டத்துச் சம்பளப் போராட்டத்தை வருடக்கணக்காகப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குச் சொல்லாமலே விளங்குவது. அவ்வளவு தூரம் போக விரும்பாதவர்கள் வாப்பாவின் கடன் கொப்பியில் தொடங்கலாம். சம்பள நாளில் யார் எவ்வளவு கட்டினார், மிகுதி என்ன, யார் மூன்று மாதமாகத் தலைகாட்டவில்லை என்பதும் நல்ல கணக்கே.

பழகும்போது உண்மையான ஆட்களின் பெயர், அட்டை எண், கடன் தொகை எதையும் கணினியில் ஏற்ற வேண்டாம். கற்பனைப் பெயர்களைப் போடுங்கள். நம்மிடம் ஒருவர் தந்த விபரம் அமானிதம். நாட்டுச் சட்டமும் அதையே சொல்கிறது. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கென 2022இல் 9ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது. சேவையகப் பக்கத்தில் இருப்பவளே அந்த விபரங்களின் காவல்காரி. கடவுச்சொல்லை அப்படியே எழுதி வைக்கக் கூடாது. திரும்ப அவிழ்க்க முடியாத வடிவில் மாற்றித்தான் வைக்க வேண்டும். பெயர் கேட்கும் கட்டத்தில் ஒருவன் பெயருக்குப் பதிலாகத் தரவுத்தளத்துக்கான கட்டளையொன்றை எழுதி அனுப்பலாம். கவனமில்லாத செய்நிரல் அதை நிறைவேற்றிப் பேரேடு முழுவதையும் அவன் கையில் கொடுத்துவிடும். வெளியிலிருந்து வருவது எதையும் சோதிக்காமல் உள்ளே விடாதே என்பது இந்தத் தொழிலின் முதற்பாடம். பெண்பிள்ளை உள்ள வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்த வேண்டியதில்லை.

ஆங்கிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கவிதை எழுதும் ஆங்கிலம் தேவையில்லை. பிழைச் செய்தியை வாசித்து விளங்கவும், விளக்கக் குறிப்பைப் படிக்கவும், "இதை இப்படிச் செய்தேன், இங்கே நின்றுவிட்டது" என்று நாலு வரி எழுதவும் தெரிந்தால் ஆரம்பத்துக்குப் போதும். தினமும் வாசித்தால் வந்துவிடும். தமிழ் மொழிமூலத்தில் படித்தேன் என்று பின்வாங்க வேண்டாம்.

வேலை எங்கே? பெரும்பாலானவை கொழும்பில்தான். இது சிறிய துறையுமல்ல. 1996இல் இங்கே தொடங்கிய மிலேனியம் ஐ.ரி. நிறுவனத்தை, அதன் பங்குச் சந்தை மென்பொருளுக்காக, 2009இல் லண்டன் பங்குச் சந்தையே வாங்கிக்கொண்டது. 2005இல் தொடங்கிய டபிள்யு.எஸ்.ஓ.2 என்னும் நிறுவனம் செய்வது முழுக்க முழுக்கச் சேவையகப் பக்கத்து மென்பொருள். இத்தகைய இடங்களுக்கு நேரடியாகப் போவது கடினம். பயிலுநராக ஆறு மாதம், ஒரு வருடம் சிறிய நிறுவனமொன்றில் குறைந்த கொடுப்பனவுக்கு வேலை பழகித்தான் போக வேண்டியிருக்கும். 2020இல் கொரோனா வந்தபின் வீட்டிலிருந்து வேலை செய்வது இத்துறையில் வழக்கமாகிவிட்டது உண்மை. ஆனால் முதல் வேலையே முழுவதும் வீட்டிலிருந்து கிடைக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். ஆரம்பத்தில் பக்கத்திலிருந்து சொல்லித்தர ஆள் தேவை. எனவே சில மாதங்களாவது கொழும்பில் நல்ல பெண்கள் விடுதியிலோ உறவினர் வீட்டிலோ தங்க வேண்டியிருக்கும் என்பதை வாப்பாவும் உம்மாவும் இப்போதே பேசி முடிவு செய்வது நல்லது. படிக்க வைத்துவிட்டு, வேலைக்கு அழைப்பு வந்த அன்று "கொழும்புக்கா? வேண்டாம்" என்பது பிள்ளைக்குச் செய்யும் பெரிய அநியாயம்.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இனி இந்த வேலைக்கு ஆள் வேண்டுமா என்று கேட்பவர்களும் உண்டு. 2022 நவம்பரில் சட்ஜிபிடி வெளிவந்ததிலிருந்து சிறு சிறு செய்நிரல்களை இயந்திரமே எழுதித் தருகிறது. புதியவர்களுக்கான வேலை முன்னைப்போல் எளிதில் கிடைப்பதில்லை என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் அதனிடம் செக்ரோல் எழுதச் சொல்லிப் பாருங்கள். அழகாக எழுதித் தரும். அரைப்பேர் என்றால் என்ன என்று நாம் சொல்லாவிட்டால் அதற்குத் தெரியாது. பழைய மாதக் கணக்கு பிழைத்தால் தொழிலாளியிடம் போய்ப் பதில் சொல்லவும் அது வராது. கற்கும் காலத்தில் அதைக் கொண்டு எழுதுவிக்காமல், தான் எழுதியதை அதனிடம் காட்டி "எங்கே பிழை?" என்று கேட்கும் ஆசிரியையாக வைத்துக்கொள்வதே நல்லது.

எச்சரிக்கையாக ஒன்று. "கணினி வேலை, தாய்லாந்தில், நல்ல சம்பளம், டிக்கெட் நாங்கள் போடுகிறோம்" என்று வரும் செய்திகளை நம்ப வேண்டாம். இப்படி நம்பிப் போன இலங்கை இளைஞர்கள் மியன்மாரின் மியாவடியில் மோசடி முகாம்களில் அடைக்கப்பட்டு, 2024இல் பல தொகுதிகளாக மீட்கப்பட்டார்கள். அங்கே அவர்களைச் செய்ய வைத்தது, பிறரை ஏமாற்றிப் பணம் பறிக்கும் வேலை. உள்ளூரிலும், வேலை தருவதற்கு முன் பணம் கேட்பவரிடம் போக வேண்டாம்.

வீட்டார் செய்யவேண்டியது அதிகமில்லை. கைபேசியில் பாடம் பார்க்கலாம்; செய்நிரல் எழுத முடியாது. பாவித்த மடிக்கணினி ஒன்று, 8 ஜி.பி. நினைவகத்தோடு இருந்தால் தாராளம். அடுத்தது நேரம். நாளுக்கு இரண்டு மணித்தியாலம், தொடர்ந்தாற்போல். தம்பிக்குத் தேநீர், வந்தவருக்குத் தண்ணீர் என்று பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை எழுப்பினால் எந்தக் கணக்கும் மனத்தில் நிற்காது. நானாவோ தம்பியோ படிக்கும்போது காட்டும் மரியாதையை மகளின் படிப்புக்கும் காட்டினால் போதும். சுபஹுக்குப் பின் ஊர் விழிக்கும் வரையுள்ள நேரம் மிக நல்லது என்று அனுபவப்பட்டவர்கள் சொல்கிறார்கள்.

"எங்கள் பக்கம் சிக்னலே இல்லையே" என்று மஸ்கெலியா, சாமிமலைப் பக்கத்துச் சகோதரிகள் சொல்வது காதில் விழுகிறது. இந்தத் தொழிலில் அதற்கும் வழியிருக்கிறது. சேவையகம் என்பது எங்கோ குளிரறையில் இருக்கும் பெரிய இயந்திரமாகத்தான் இருக்க வேண்டுமென்பதில்லை. அதுவும் ஒரு மென்பொருளே. அதையும் தரவுத்தளத்தையும் சொந்த மடிக்கணினியிலேயே நிறுவிக்கொள்ளலாம். பிரவுசரில் 127.0.0.1 என்று அடித்தால் கணினி தன்னைத்தானே அழைத்துத் தானே பதில் தரும். கடைவீதிக்குப் போகும் நாளில் பாடங்களையும் விளக்கக் குறிப்புகளையும் இறக்கிக்கொண்டு வந்துவிட்டால், மழையில் கோபுரம் செயலிழந்த இரவிலும் உங்கள் மகளின் செக்ரோல் தடையில்லாமல் ஓடும்.